படகைப் பார்க்கிறீர்கள், படகில் இருப்பவனைக் கேட்கிறீர்களா?

நிந்தவூரிலிருந்து தோஹாவுக்கு வேலைக்குப் போனவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசுகிறார். மகளின் கணக்குக் கொப்பியைக் கமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லிப் பிழை திருத்துகிறார். உம்மாவுக்கு மருந்து வாங்கியாயிற்றா என்று கேட்கிறார். அதே ஒழுங்கையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவரோ கரையிலிருந்து அறுபது, எழுபது கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறார். அவரோடு பேச வழியில்லை. மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பவர் அடுத்த வீட்டுக்காரராகவும், கண்ணுக்கெட்டும் கடலில் இருப்பவர் வேற்றுலகவாசியாகவும் ஆகிவிட்ட இந்த விந்தையை யாரும் விந்தையாகக் கருதுவதில்லை என்பதே என் கோபம்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தபோது நமது ஊடகங்கள் ஒரு வாரம் வெடி கொளுத்தின. இனி மலையுச்சியிலும் இணையம், நடுக்கடலிலும் இணையம் என்றார்கள். மலையுச்சியைப் பற்றி எனக்குத் தெரியாது. கடலைப் பற்றிச் சொன்னது பொய். வந்தது வீட்டுக்கான இணைப்பு. அறிமுகமானபோது கருவியின் விலை ஒரு இலட்சத்துப் பதினெண்ணாயிரம் ரூபா, வழமையான மாதக் கட்டணம் பதினையாயிரம் ரூபா. கூரையில் பூட்டவேண்டிய அந்தத் தட்டைப் படகில் பூட்டிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போக அந்தத் திட்டம் இடம்தராது. நடுக்கடலுக்கு வேறு திட்டம், வேறு விலை. அதே நிறுவனம் 2022 ஜூலையில் கடற்கலங்களுக்கான சேவையைத் தொடங்கியபோது கேட்ட தொகை மாதத்துக்கு ஐயாயிரம் அமெரிக்க டொலர். கருவிகளுக்குப் பத்தாயிரம் டொலர். சொகுசுக் கப்பல் வைத்திருப்பவர்களுக்குக்கூட அது அதிகமாகப்பட்டிருக்க வேண்டும். மறு ஆண்டே ஐம்பது ஜிகாபைற்றுக்கு இருநூற்றைம்பது டொலர் என்று இறக்கினார்கள். இறங்கிய பிறகும் அது நமது ரூபாயில் எழுபதாயிரத்துக்குக் குறையாது. ஒரு பயணத்தில் மீன்படாவிட்டால் எண்ணெய்க் கடனோடு கரையேறுகிற மனிதனிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே ஒரு ஒப்பீடு தேவைப்படுகிறது. பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிற வெள்ளைக்காரர்களைத் திருகோணமலையிலும் காலியிலும் பார்த்திருப்பீர்கள். ஓய்வூதியப் பணத்தில் வாழ்கிற சிக்கனக்காரர்களும் அவர்களிடையே நிறைய உண்டு. கடலிலிருந்து மலிவாகச் செய்தி அனுப்புவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் முப்பது ஆண்டுகளாக விடை தேடி, ஒவ்வொரு படியிலும் ஏதோவொன்றைக் கண்டுபிடித்தும் வந்திருக்கிறார்கள். இரிடியம் செய்மதித் தொலைபேசி 1998 நவம்பரில் வந்தபோது கைக்கருவி ஏறத்தாழ மூவாயிரம் டொலர். (அந்த நிறுவனம் ஒன்பது மாதத்தில் வங்குரோத்தானது வேறு கதை.) வாங்க முடியாதவர்கள் சிற்றலை வானொலிப் பெட்டியோடு ஒரு மோடத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினார்கள். அமெச்சூர் வானொலி உரிமம் உள்ளவர்களுக்கு வின்லிங்க் இலவசமாகக் கிடைத்தது. மற்றவர்கள் செயில்மெயில் என்ற இலாப நோக்கற்ற சங்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு டொலர் கட்டிச் சேர்ந்தார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் உள்ளூர்ச் சிம் அட்டை வாங்கினார்கள், பாய்மரத்தின் உச்சியில் அன்ரனா கட்டினார்கள். வாழ்க! அவர்கள்மீது எனக்குப் பொறாமையில்லை. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, கையேடு இருந்தது, ஆங்கிலம் இருந்தது. அவர்கள் கேட்டால் துறைமுக அதிகாரி எழுந்து நின்று பதில் சொன்னார்.

உல்லாசத்துக்காகக் கடலில் இருப்பவனுக்கு முப்பது ஆண்டுகளாகக் கிடைத்துவருவது, வயிற்றுக்காகக் கடலில் இருப்பவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? பணம் இல்லாததால் என்பீர்கள். பணம் காரணமல்ல என்று காட்டவே இதை எழுதுகிறேன்.

கல்முனைக் கரையோரத்தை அறியாத வெளியூர் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று தெருவோரமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊர்கள் இவை. மேற்கே வயல், கிழக்கே வங்காள விரிகுடா. கிழக்குக் கரையில் கண்டமேடை ஒடுக்கமானது. கொஞ்சத் தூரத்திலேயே அடி ஆழம் இறங்கிவிடும். சூரையும் கெளவல்லாவும் தேடிப் போகிறவன் சீக்கிரமே ஆழ்கடல்காரனாகிவிடுகிறான். வாடைக்காலத்தில் இந்தக் கடல் எப்படி மாறும் என்பதை 1978 நவம்பர்ச் சூறாவளியைப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26ஐப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இழந்தவை இந்த ஊர்கள்.

கைத்தொலைபேசி கடலில் எவ்வளவு தூரம் எடுக்கும்? கரைக் கோபுரத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர்வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருபத்தைந்து கிலோமீற்றரே என்ன செய்தது என்பதற்குக் கேரளத்தில் சான்று இருக்கிறது. அங்கே 1997க்கும் 2001க்கும் இடையே கரையோரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. மீனவர்கள் கடலிலிருந்தே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டு, விலை கிடைக்கிற துறைக்குப் படகைத் திருப்பினார்கள். ஓரிடத்தில் மீனை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டியதும், பதினைந்து கிலோமீற்றர் தள்ளி மீன் கிடைக்காமல் மக்கள் திரும்பிப் போனதும் நின்றுபோயின. ரொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவர் இலாபம் ஏறத்தாழ எட்டு வீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை நான்கு வீதம் குறைந்தது. விற்பவன், வாங்குபவன் இருவருக்கும் ஒரே நேரத்தில் நன்மை வந்த கதை பொருளாதாரத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. அதற்கு எந்த அமைச்சரும் திட்டம் போடவில்லை. அலை எட்டியது, அவ்வளவுதான். எட்டாத கடலில் என்ன நடக்கிறது என்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

பெரிய நெடுநாள் படகுகளில் சிற்றலை வானொலிப் பெட்டி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதில் பேசுவதை அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லோரும் கேட்கலாம். வானிலை கெட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். பெட்டி இருக்கிற படகு இல்லாத படகைக் கண்டால்தான் செய்தி கரைக்கு வரும். பைபர் படகில் போகிறவனுக்கு அதுவும் இல்லை. எரிபொருள் தீர்ந்தோ இயந்திரம் நின்றோ நீரோட்டத்தில் இழுபட்டால், யாராவது காண்கிறவரைக்கும் அவன் இருக்கிறானா இல்லையா என்பது வீட்டுக்குத் தெரியாது. எல்லை தாண்டிப் போய் மாலைதீவிலோ சாகோஸ் தீவுப் பக்கமோ சீஷெல்ஸிலோ மியன்மாரிலோ பிடிபட்ட இலங்கைப் படகுகளின் செய்தியை எத்தனை தடவை பத்திரிகையில் பிரசுரித்திருப்போம்! செய்தி நமக்கு வரும்போது தூதரகம் கடிதம் எழுதி முடித்திருக்கும். மனைவிக்கு அதன் பிறகே தெரியும்.

இப்போது என் குற்றச்சாட்டின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. ஆழ்கடலில் உங்கள் படகுகள் எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்று கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. உடனே அரசாங்கம் விழித்துக்கொண்டது. படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டும் வேலை தொடங்கியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. அதன் பிறகு 2022, நாடு வங்குரோத்தாகிப் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போக மக்கள் துணிந்த ஆண்டு. அந்த ஜூனில் அவுஸ்திரேலிய உள்நாட்டு விவகார அமைச்சர் கொழும்புக்கு வந்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட மீன்பிடிக் கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவிகளை அவுஸ்திரேலியா இலவசமாகத் தருவதாக அறிவிக்கப்பட்டது. எண்ணெய்க்கும் மருந்துக்கும் டொலர் இல்லாத நாட்டில், ஒவ்வொரு படகும் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் டொலர் வந்து இறங்கியது.

ஆகவே பணம் இருந்தது. செய்மதியும் இருந்தது. படகின் கூரையில் அன்ரனாவும் ஏறிவிட்டது. ஐரோப்பியனுக்குத் தன் தட்டிலுள்ள மீன் சட்டபூர்வமானதா என்று தெரியவேண்டியிருந்தது. அவுஸ்திரேலியனுக்குத் தன் கரைக்கு அகதி வருகிறானா என்று தெரியவேண்டியிருந்தது. இருவருக்கும் தெரிய வழிசெய்தாயிற்று. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருக்கிற ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவேண்டும். அதற்கு மட்டும் தொழில்நுட்பம் இடம்தரவில்லையாம்!

இடம்தராது என்று சொல்பவர்கள் பொறியியலாளர்களா என்று நான் கேட்கமாட்டேன். நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் தந்திக் காலத்துப் பத்திரிகைக்காரன். சொல்லுக்கு இத்தனை சதம் என்று கணக்குப் பார்த்துச் செய்தி அனுப்பியவர்கள் நாங்கள். எனவே இந்தக் கணக்கு எனக்குப் புரியும். இரிடியம் செய்மதி வழியாக ஒரு குறுஞ்செய்திப் பொதியில் படகிலிருந்து 340 பைற் அனுப்பலாம். தமிழில் ஒவ்வொரு குறியும் ஒருங்குறி முறையில் மூன்று பைற். அப்படியானால் நூறு குறிக்கு மேல் எழுதலாம். “இயந்திரம் பழுது. நாலு நாள் பிந்தும். பயப்பட வேண்டாம்.” அரைப் பொதிதான் செலவு. படம் வேண்டாம், பாட்டு வேண்டாம், ஜிகாபைற் வேண்டாம். இணையம் என்றதும் நம் அதிகாரிகளுக்கு யூரியூப் ஞாபகத்துக்கு வருகிறது. கடலில் இருப்பவன் கேட்பது இந்த மூன்று வாக்கியம்.

செய்ய முடியும் என்பதற்கு அயலில் உதாரணம் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் திரண்டபோது தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை ஒலித்தது, அவர்களுக்குக் கேட்கவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. அந்தப் பிணங்களுக்குப் பிறகுதான் தில்லி அசைந்தது. 2019 ஒக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. கரை எட்டாத கடலிலும் வானிலை எச்சரிக்கை செய்மதி வழியாக மீனவனின் கைத்தொலைபேசியில் விழும். அது ஒருவழி, அவன் பதில் சொல்ல முடியாது. பிறகு இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழிக் கருவி உருவானது. ஒரு இலட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பூட்ட 364 கோடி இந்திய ரூபா ஒதுக்கி 2024 ஓகஸ்ட் 30இல் தொடங்கிவைத்தார்கள். வகுத்துப் பார்த்தால் படகொன்றுக்கு முப்பத்தாறாயிரம் இந்திய ரூபா வருகிறது. அதுவும் கண்காணிப்புக் கருவிதான், மறுக்கவில்லை. எல்லை தாண்டுகிறாயா என்று அதுவும் பார்க்கிறது. ஆனால் பார்க்கிறவர்கள் கூடவே கேட்கவும் ஒரு காது வைத்தார்கள். மீனவன் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆபத்தென்று சொல்லலாம், அவனுக்கு அவன் மொழியில் செய்தி வரும்.

மொழி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையில் அனர்த்த அறிவித்தல் தமிழில் பிந்தி வருகிறது, அரைகுறையாக வருகிறது, சிலவேளை வருவதே இல்லை என்ற முறைப்பாடு பழையது. 2025 நவம்பர் இறுதியில் திட்வாப் புயல் கிழக்குக் கரையைத் தொட்டு நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோதும் அதே முறைப்பாடு எழுந்தது. கரையில் கோபுரமும் தொலைக்காட்சியும் இருக்கும்போதே நிலை இது. கடலுக்குள் என்ன மொழியில் யார் சொல்வார்?

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது பாதுகாப்பு. போதைப்பொருள் ஏற்றிப் பிடிபடும் நெடுநாள் படகுகளில் செய்மதித் தொலைபேசி அகப்படுகிறது, ஆகவே மீனவன் கையில் அது ஆபத்து என்பார்கள். கிழக்குக்காரர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. போர்க்காலத்தில் இயந்திரத்தின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு, இரவில் கடலுக்குப் போகத் தடை என்று எல்லாமே பாதுகாப்பின் பெயரால்தான் வந்தன. ஆனால் வாதத்தைப் பாருங்கள். கடத்தல்காரன் எப்படியும் கருவி வாங்கிவிடுகிறான். அவனுக்கு விலை ஒரு பொருட்டல்ல. வாங்க முடியாமல் இருப்பவன் கடத்தாதவன். அரசாங்கமே தருகிற, பதிவு செய்த, இடம் தெரிகிற கருவியில் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறவன் எதைக் கடத்தப் போகிறான்? உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நமது படகு நீரோட்டத்தில் இந்தியக் கடலுக்குள் போய்விட்டால் அங்கே அனுமதியற்ற செய்மதித் தொலைபேசி வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுபோன வெளிநாட்டுப் பயணிகளும் அங்கே கைதாகியிருக்கிறார்கள். இதற்கு இரு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசவேண்டும். கச்சதீவைப் பற்றி மேடையில் பேசுகிற நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, சர்வதேசச் சட்டம். கப்பல்களுக்கான அவசரத் தொடர்பு ஏற்பாடு 1999 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அது சர்வதேசப் பயணம் போகும் முந்நூறு தொன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும்தான். மீன்பிடிப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதைச் செய்யக் கூடாது என்று மொழிபெயர்க்கிற திறமை நம் திணைக்களங்களுக்கே உரியது. (டைட்டானிக்கில் கம்பியில்லாத் தந்தி இருந்தது ஞாபகமிருக்கலாம். அதை முதலில் வைத்தது செல்வந்தப் பயணிகள் ஊருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்புவதற்காக. விபத்து நடந்த இரவிலும் அந்தத் தந்திகளை அனுப்புவதில்தான் ஊழியர்கள் மூழ்கியிருந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் செத்த பிறகே அது உயிர்காக்கும் கருவி என்று சட்டம் ஒப்புக்கொண்டது.)

மூன்றாவது, யார் செலவழிப்பது? இதற்கு வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்கள் கவனமாகக் காதுகொடுக்க வேண்டும், ஏனென்றால் செலவழித்தவர்கள் நீங்கள்தான். 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டமொன்றின்படி இலங்கைக்கு வருகிற, இலங்கையிலிருந்து போகிற வெளிநாட்டு அழைப்புகள்மீது தீர்வை அறவிடப்பட்டது. அதில் ஒரு பகுதி தொலைபேசி எட்டாத இடங்களுக்கு வலையமைப்பைக் கொண்டுபோகவேண்டிய பணம். வட்ஸ்அப் வருவதற்கு முன், ஸ்காபரோவிலிருந்தும் றியாத்திலிருந்தும் அட்டை வாங்கிச் சுரண்டி உம்மாவோடு பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் அதற்குச் சதம் விழுந்தது. பின்னாளில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமங்களுக்குக் கோபுரம் நடும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எட்டாத இடம் என்று தேடியவர்கள் தரையை மட்டுமே பார்த்தார்கள். அனுராதபுரத்துக் காட்டோரக் கிராமம் எட்டாத இடமென்றால், ஒவ்வொரு இரவும் ஆயிரக்கணக்கானோர் உறங்குகிற கடல் என்ன இடம்?

கரையில் கோடிகள் கொட்டியதையும் நாங்கள் பார்த்தவர்கள். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையைக் கடல் தின்றது. வாடி போட்டிருந்த இடம் தண்ணீருக்குள் போனது. மீனவனிடம் கேட்காமல் மீனவனுக்காகச் செய்வதன் பலன் இது. ஆகையால் நான் கேட்கிற சிறு காரியத்தையும் கொழும்பில் வரைபடம் போட்டுக்கொண்டு வந்து இறக்கிவிடாதீர்கள் என்றும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். நெடுநாள் படகில் பூட்டிய கண்காணிப்புக் கருவியைப் புதுப்பிக்கும்போதோ மாற்றும்போதோ இருவழிக் குறுஞ்செய்தி வசதி உள்ளதையே வாங்கவேண்டும். மாதம் இத்தனை செய்தி இலவசம் என்று வைத்து, அந்தச் செலவைத் தொலைத்தொடர்புத் தீர்வையிலிருந்து எடுக்கவேண்டும். செய்தி படகு முதலாளியோடு நின்றுவிடாமல் படகில் ஏறியவன் எழுதிக்கொடுத்த வீட்டு இலக்கத்துக்குப் போகவேண்டும். படகு எங்கே நிற்கிறது என்பது கொழும்புக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவதுபோல அந்த வீட்டுக்கும் தெரியவேண்டும். பைபர் படகுக்கு அதற்கேற்ற சிறு கருவி வேண்டும். இந்தியாவில் கொடுக்கிறார்கள், விலையும் மேலே இருக்கிறது. கரையோரக் கோபுரங்களில் சிலவற்றின் அன்ரனாவைக் கடல் பக்கம் திருப்புவதற்குச் செய்மதியும் தேவையில்லை, வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை.

மீனவர் சங்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. எண்ணெய் மானியத்துக்கும் நட்டஈட்டுக்கும் மகஜர் எழுதுகிறீர்கள், எழுதுங்கள். அடுத்த மகஜரில் இதையும் ஒரு பந்தியாகச் சேருங்கள். நம் கரையோர நாடாளுமன்ற உறுப்பினர்கள் எவரிடமாவது கொடுத்து, கண்காணிப்புக் கருவிகளுக்கு இதுவரை எவ்வளவு செலவாயிற்று, அவற்றில் எத்தனையில் மீனவன் எழுதி அனுப்ப முடியும் என்ற இரண்டு கேள்விகளைக் கடற்றொழில் அமைச்சரிடம் சபையில் கேட்கச் சொல்லுங்கள். பதில் ஹன்சாட்டில் வந்த அன்று இதே இடத்தில் நான் அதை முழுமையாகப் பிரசுரிக்கிறேன்.